ஜும்ஆவுக்குப் போகாத புள்ளி

அத்தியாயம் 6

“நளீர் நானா, கடலுக்குள்ள போன ஒரு போன் முப்பத்தெட்டு நாளா உயிரோட இரிக்குமா?”

“என்ட போன் தூறல் மழைக்கே மௌத்தாகும்” என்றேன்.

வழக்கமாக நான் இப்படி ஒன்றை எடுத்துவிட்டால் ஸும்ரா கையில் இருக்கும் குறட்டால் எறிவாள். அன்று எறியவில்லை. எதிரே கதிரையில் இருந்த இளைஞனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

புத்தளம் பஸ் நிலையத்துக்குப் பின்னால் இருக்கும் எங்கள் கடையின் பலகையில் ‘போன், கம்ப்யூட்டர் திருத்தப்படும்’ என்றுதான் எழுதியிருக்கிறது. உண்மையில் ஸும்ரா திருத்துவது மனிதர்கள் செய்யும் கோளாறுகளை. பூட்டுப்பட்ட கணக்கைத் திறந்து கொடுப்பாள். அடுத்த வீட்டு வைஃபையில் தொங்குகிறவனைக் கண்டுபிடிப்பாள். பெண்பிள்ளைகளின் படத்தை வைத்து மிரட்டுகிறவனை அவன் வீட்டு வாசலுக்கே போய் எழுப்புவாள். நான் அவளுடைய முச்சக்கர வண்டி, காவல், வாய். மூளை மட்டும் அவளுடையது.

வந்திருந்தவன் பெயர் ஸப்ரான். கண்டக்குளிக்காரன், இருபத்தொன்பது வயது. வெயிலில் உதடு வெடித்திருந்தது. கண் இரண்டும் தூக்கம் என்பதையே மறந்து போயிருந்தன. அவனுடைய மூத்த சகோதரன் ஹில்மி கடலுக்குப் போய் அன்றோடு நாற்பத்துமூன்று நாள்.

“நானாட படகுல நான்தான் அந்தப் பெட்டியைப் பூட்டினேன்” என்றான். “பழைய போன் ஒண்டு. ஐஸ்கிரீம் டப்பாக்குள்ள வெச்சி, சிலிக்கன் பூசி, மேல சின்ன சோலார் தகடு. அஞ்சு நிமிஷத்துக்கு ஒருக்கா படகு நிக்கிற இடத்த வீட்டுக்கு அனுப்பும். வீட்டுல ரவுட்டருக்குப் பக்கத்துல கையளவு கம்ப்யூட்டர் ஒண்டு வெச்சிருக்கன். அது கடல் படத்துல ஒரு சிவப்புப் புள்ளி காட்டும். எங்கட போன்லயும் பாக்கலாம்.”

“நீயே செய்ததா?” ஸும்ராவின் குரலில் மரியாதை இருந்தது. அவளிடம் அது எளிதில் வராது.

“ஓம். நானா போன அண்டைக்கு ராவு புள்ளி நிண்டுட்டு. நேவி தேடினாங்க, நாங்க தேடினோம். ஒண்டுமில்ல. அஞ்சாம் நாள் காலையில புள்ளி திரும்ப வந்திச்சி. அண்டையில இரிந்து ஒவ்வொரு நாளும் வருது. ராவுல மட்டும் வராது. பெட்டரி இறங்குது போல எண்டு நினைச்சன்.”

“புள்ளி காட்டுற இடத்துக்குப் போய்ப் பாத்தியா?”

அவன் தலையைக் குனிந்தான். “ஒவ்வொரு நாளும் போறன். நான் போறதுக்குள்ள புள்ளி வேற இடத்துக்குப் போயிடுது. வீட்டுல உம்மாக்கும் மதினிக்கும் தெரியாது. பாலாவி உப்பளத்துக்கு வேலைக்குப் போறன் எண்டு செல்லிட்டுத்தான் கடலுக்கு இறங்குறன்.”

“இந்தக் கச்சான் காத்துலயா?” என்னை மீறிக் கேட்டுவிட்டேன். ஆவணி மாதத்தில் அந்தப் பக்கத்தில் பெரிய படகுகளே கடலுக்கு இறங்காமல் கரையில் கவிழ்த்துக் கிடக்கும். இவனிடம் இருப்பது பதினெட்டடிப் படகு.

“பள்ளிவாசல்ல, உடம்பு கிடைக்காட்டியும் காயிப் ஜனாஸா தொழுவமா எண்டு கேட்டாங்க. புள்ளி ஓடுறப்ப எப்படித் தொழுற? அது பொய்யெண்டு நீங்க செல்லுங்க, நான் நிப்பாட்டுறன். செல்லுமட்டும் போவன்.”

“படகுக்காரன் ஆர் மேலயாவது சந்தேகமா?”

“நிக்கொலஸ் எண்டு ஒராள். வலை போடுற இடத்துல நானாவோட சண்டை. ஆனா அவருக்கு எங்கட கடவுச்சொல் எப்படித் தெரியும்?”

“என்ன கடவுச்சொல்?”

“படகு நம்பர்.”

நான் வாயைக் கையால் பொத்திக்கொண்டேன். ஸும்ரா என்னை முறைத்துவிட்டு, மெதுவாகக் கேட்டாள். “அந்த நம்பர் எங்க எழுதியிருக்கு தம்பி?”

அவன் யோசித்தான். முகம் செத்துவிட்டது. “படகுட ரெண்டு பக்கமும். பெரிய எழுத்துல.”

“கடலுக்கு முழுக்கத் தெரிஞ்ச ரகசியம்” என்றேன் நான்.

அவன் கொண்டு வந்திருந்த சின்னக் கம்ப்யூட்டரிலிருந்து முப்பத்தெட்டு நாள் பதிவையும் பிரதி எடுத்துக்கொண்டு, இரண்டு நாள் கடலுக்குப் போகாதே என்று சொல்லி அனுப்பினாள் ஸும்ரா. அவன் ஓம் என்றான். போகிறவன் சொல்லும் ஓம் அது. எனக்கே விளங்கியது.

தொண்ணூறில், யுத்தத்தில் துரத்தப்பட்டு, ஸும்ராவின் உம்மா அவளை இடுப்பில் தூக்கிக்கொண்டு மன்னாரிலிருந்து படகேறியபோது, வாப்பா அடுத்த படகில் வருவதாகச் சொன்னாராம். அந்தப் படகு இன்னும் வரவில்லை, யுத்தம் முடிந்தே எட்டு வருஷமாகிறது. இப்படியான வழக்குகளில் அவளைச் சிரிக்க வைக்க நான் முயற்சி செய்வதில்லை. அதாவது, அதிகமாக முயற்சி செய்வதில்லை.

*

மறுநாள் புதன்கிழமை. பத்தரை மணிக்கு வண்டியை எடுத்தேன். பாலாவிச் சந்தியில் சீமெந்து லொறிகளுக்குப் பின்னால் பத்து நிமிடம் தூசு தின்றுவிட்டு கற்பிட்டி வீதியில் திரும்பினோம். பின் ஆசனத்தில் ஸும்ரா கடதாசிகளைப் பரப்பி வைத்திருந்தாள். முப்பத்தெட்டு நாளின் நேரங்கள், வரிசை வரிசையாக.

“எந்தப் போன்ல இரிந்து வந்திச்சி எண்டு பாக்கேலாதா?” என்று கேட்டேன்.

“ஏலாது. மொபைல் டேட்டால வந்திரிக்கி. ஆயிரம் போனுக்கு ஒரே முகவரி. நமக்கு இரிக்கிறது நேரம் மட்டும்தான். பாருங்க நானா, பழைய பெட்டி அஞ்சு நிமிஷம் எண்டா அஞ்சு நிமிஷம்தான். புதுசா வாற புள்ளி மூணு நிமிஷம், ஆறு நிமிஷம், நாலு நிமிஷம்.”

“மெஷின் பிந்தாது. பிந்துறது மனிசன்.”

“ஓம். ஒராள் போனைக் கையில வெச்சிக்கிட்டு, கடல் படத்தில ஒவ்வொரு புள்ளியா அமத்துறாங்க. காலையில இரிந்து ராவு மட்டும்.”

இவ்வளவு பொறுமையாக ஒரு கொடுமையைச் செய்ய யாருக்கு மனம் வரும்? நிக்கொலஸின் கழுத்தைப் பிடிக்கும் ஆசையில் வேகத்தைக் கூட்டினேன்.

“மெதுவா போங்க. நிக்கொலஸ் இல்ல.”

“எப்படித் தெரியும்?”

“முதல் புள்ளி சுபஹு முடிஞ்ச பொறகு வருது. பொறகு ஒரு நாளைக்கு நாலு இடத்தில கால் மணித்தியாலம் ஓய்வு. லுஹர், அஸர், மஃரிப், இஷா. பாங்கு செல்லி அஞ்சு நிமிஷத்தில புள்ளி நிக்கிது. தொழுது முடிய ஓடுது. நிக்கொலஸ் ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போறவரு.”

“அப்ப நம்மட ஆள்!” வண்டி ஒரு பள்ளத்தில் விழுந்து எழுந்தது. “தொழுதுட்டு வந்து பொய் செல்றான். நல்ல தக்வா, நல்ல பயபக்தி. வெள்ளிக்கிழமையப் பாரு, பள்ளியில குத்பா முடிய எவ்வளவு நேரம் எடுக்கிறான் எண்டு. எந்தப் பள்ளி எண்டே பிடிச்சிடலாம்.”

“அதைத்தான் நேத்து ராவு முழுக்கப் பாத்தன்.” அவள் குரல் தாழ்ந்தது. “அஞ்சு வெள்ளி இரிக்கி. நாலு வெள்ளியிலயும் பகலைக்கு அதே கால் மணித்தியாலம்தான் ஓய்வு. ஒரு வெள்ளிக்கு அதுவும் இல்ல.”

நான் வண்டியை ஓரம் கட்டினேன். மின்சாரக் காற்றாடிகள் கடற்கரையில் சுற்றிக்கொண்டிருந்தன. சுகதேகியான முஸ்லிம் ஆண்பிள்ளைக்கு வெள்ளிக்கிழமை பள்ளியில் கூடித் தொழும் ஜும்ஆ கடமை. கை கால் முகம் கழுவி ஒளுச் செய்து, பள்ளிக்குப் போய், குத்பாப் பிரசங்கம் கேட்டு, சலாம் கொடுத்து வெளியே வர ஒரு மணித்தியாலமாவது வேண்டும். கால் மணியில் முடிகிறது என்றால் வீட்டில் தனியாக லுஹர் தொழுகிறவர்.

“பொம்பிளையா?” என்றேன்.

“பொம்பிளை” என்றாள் ஸும்ரா. கடதாசியை மடித்துக் கைப்பையில் வைத்தாள். நான் வண்டியைத் திரும்பவும் கண்டக்குளிப் பக்கம் எடுத்தேன்.

*

ஸப்ரானின் வீட்டில் அவன் இல்லை. பாலாவிக்கு வேலைக்குப் போயிருப்பதாக உம்மா சொன்னார். ஸும்ராவும் நானும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம்.

உம்மா ஜெமீலாவுக்கு அறுபது தாண்டியிருக்கும். முன் அறையில் பாயில் இருந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். சோறு, பருப்பு, ஒரு துண்டு பொரித்த மீன். பக்கத்தில் தண்ணீர்க் கோப்பை. உள்ளே குசினியில் யாரோ பாத்திரம் கழுவும் சத்தம் கேட்டது. அது ஹில்மியின் மனைவி ஃபஸ்னாவாக இருக்க வேண்டும். கதவில் திரைச்சீலை தொங்கியது.

ஸும்ரா சுற்றி வளைக்கவில்லை. நாங்கள் யார், ஏன் வந்தோம் என்று சொல்லிவிட்டு, “உம்மா, ஹில்மி நானாட பேர்ல புள்ளி அனுப்புறது ஒரு பொம்பிளை” என்றாள். “கடவுச்சொல் ஊருக்கே தெரியும். ஆனா அந்தப் புள்ளி அனுப்புற வேலை ஸப்ரான் செல்லிக் கொடுத்த ஆளுக்கு மட்டும்தான் ஏலும்.”

ஜெமீலா சோற்றுக் கையைக் கழுவினார். நிமிர்ந்து பார்த்தார்.

“ஓம் மகள். நான்தான்.”

இவ்வளவு சுருக்கமான குற்ற ஒப்புதலை நான் கேட்டதில்லை. வழக்கு முடிந்தது, திரும்பும் வழியில் பாலாவியில் பிளேன்டீ குடிக்கலாம் என்று எழும்பப் பார்த்தேன். ஸும்ரா எழும்பவில்லை. கைப்பையிலிருந்து கடதாசியை எடுத்து விரித்தாள்.

“போன மாசம் பதினெட்டுல இரிந்து இருபத்துநாலு மட்டும் ஏழு நாள் உம்மா. அந்த ஏழு நாளும் ஒரு வக்துத் தொழுகைக்கும் புள்ளி நிக்கல்ல. வெள்ளிக்கும் நிக்கல்ல.”

“மறந்திருப்பன்.”

“தொழுகையை மறக்கிற ஆளா நீங்க?”

ஜெமீலா தட்டை ஓரமாகத் தள்ளி வைத்தார். ஸும்ரா முன்னால் குனிந்து, எனக்குக் கேட்காது என்று நினைத்துக்கொண்டு கேட்டாள். “உங்களுக்குத் தொழுகை இல்லாத நாள் நிண்டு எத்தின வருஷம் உம்மா?”

மூன்று பெண்பிள்ளைகளின் வாப்பா நான். ஆனாலும் எனக்கு விளங்க அரை நிமிடம் எடுத்தது. விளங்கியதும் வாசலுக்கு வெளியே பார்த்தேன். மாதவிலக்கில் மாதம் ஒரு வாரம் தொழுகை இல்லாதவள், வயதில் இளையவள். அந்த வீட்டில் அப்படி ஒருத்திதான் இருந்தாள். பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள்.

“மெதுவாக் கதைங்க” என்றார் ஜெமீலா. முக்காட்டை இழுத்து வாயைப் பொத்திக்கொண்டார். “புள்ளைக்குக் கேக்கும்.”

“உங்களுக்கு எப்ப தெரியும்?”

“புள்ளி வந்து மூணாம் நாளே தெரியும். அவள் படுத்தா புள்ளியும் படுக்குது. அவள் எழும்பினா அதுவும் எழும்புது.”

“தெரிஞ்சும் ஏன் செல்லல்ல?”

“அவன் போய் அஞ்சு நாளா என்ட வாயில தண்ணி இறங்கல்ல. ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகப் பாத்தாங்க. அண்டைக்குக் காலையில இவள் போனைக் கொண்டு வந்து, ‘மாமி, இவரு இரிக்கிறாரு, பாருங்க, சாப்பிடுங்க’ எண்டாள். சாப்பிட்டன். நான் சாப்பிட்ட பொறகுதான் அவளும் ரெண்டு வாய் வெச்சாள்.” அவர் சோற்றுத் தட்டைப் பார்த்தார். “நான் நம்பல்ல எண்டு செல்லிட்டா, அவள் அடுத்த நாள் எதுக்காக எழும்புவாள்? அதனால நம்பினேன் மகள். ஒவ்வொரு வேளையும் நம்பிச் சாப்பிட்டன்.”

பாத்திரச் சத்தம் நின்று வெகுநேரமாகியிருந்தது. நாங்கள் யாரும் கவனிக்கவில்லை. திரைச்சீலை விலகியது. ஃபஸ்னாவுக்கு இருபத்தாறு, இருபத்தேழு இருக்கும். கையில் சவர்க்கார நுரை. அந்தப் பெண் எங்களைப் பார்க்கவேயில்லை.

“மாமி, உங்களுக்குத் தெரியுமா?”

ஜெமீலா கையை நீட்டினார். ஃபஸ்னா அந்தக் கையைப் பிடிக்காமல் சுவரோடு சாய்ந்து நின்றாள். “ஒரு நாளைக்கு மட்டும் எண்டுதான் தொடங்கினன்” என்றாள். “அடுத்த நாள் புள்ளி எங்க எண்டு கேட்டீங்க. அனுப்பினேன். ஒவ்வொரு நாளும் அவரைக் கரைக்குக் கொண்டு வரத்தான் பாக்கிறன். கரைக்குக் கிட்ட வந்தா பயம் வருது. வந்துட்டா ஆள் எங்க எண்டு கேப்பீங்களே. அதனால திருப்பிக் கொண்டு போயிடுறன்.”

“ஃபஸ்னா” என்றாள் ஸும்ரா. “இண்டைக்குப் புள்ளிய எங்க வெச்சீங்க?”

“தூரத்துல. நேத்து கிட்ட வந்துட்டு. அதனால இண்டைக்கு நல்லாத் தூரத்துல வெச்சிட்டன். ஏன்?”

“ஸப்ரான் பாலாவிக்குப் போகல்ல.”

ஃபஸ்னாவின் புருவம் சுருங்கியது.

“ஒரு நாளும் போகல்ல. நீங்க அமத்துற இடத்துக்கெல்லாம் படகுல போறாரு. நானாவத் தேடி.”

ஒரு முகம் அப்படி உடைவதை நான் பார்த்ததில்லை, இனிப் பார்க்கவும் விரும்பவில்லை. ஜெமீலா எழும்பப் பார்த்து முடியாமல் திரும்பவும் பாயில் விழுந்தார். ஒரு மகன் போனது அவருக்குத் தெரியும். மற்றவனும் அதே கடலில் இருப்பது தெரியாது. அந்த வீட்டில் ஆளுக்காள் மற்றவரைக் காப்பாற்றப் பொய் சொல்லியிருந்தார்கள். கடைசிப் பொய் கடலில் போய்க்கொண்டிருந்தது.

அந்த நேரம் பார்த்து வேலிக்கு அந்தப் பக்கமிருந்து ஒரு குரல். “ஜெமீலாக்கா! சின்னவன் பத்து மணிக்கு இறங்கினவன். கடல் எழும்புது. இன்னும் காணேல்ல.”

வேலியில் நின்றவர் நிக்கொலஸ்தான். இரண்டு நாளாக நான் கழுத்தைப் பிடிக்கத் திட்டமிட்டிருந்த மனிதர், வியர்த்து வழிய ஓடி வந்திருந்தார்.

*

ஸும்ரா ஸப்ரானின் போனுக்கு மூன்று தடவை எடுத்தாள். மணி போனது, அவன் எடுக்கவில்லை. ‘திரும்பி வா, அது பொய்’ என்று இரண்டு செய்தி அனுப்பினாள். இரண்டுக்கும் பதிலில்லை.

“போனைப் பொலித்தீன்ல சுத்தி முன்னால கட்டியிருப்பான்” என்றார் நிக்கொலஸ். “இஞ்சின் சத்தத்தில மணி கேக்காது. கேட்டாலும் நம்பமாட்டான் தங்கச்சி. காலையில நான் எவ்வளவு கத்தினேன். அவன் அந்தப் புள்ளி சொன்னால் மட்டும்தான் கேப்பான்.”

அவனைத் திரும்பக் கொண்டு வரவும் அந்தப் புள்ளியால் மட்டும்தான் முடியும். எல்லோருக்கும் ஒரே நேரத்தில் அது விளங்கியது. ஸும்ரா ஃபஸ்னாவிடம் கையை நீட்டினாள். “போனைத் தாங்க. நான் கொண்டு வாறன். நீங்க செய்யத் தேவையில்ல.”

“வேணாம்” என்றாள் ஃபஸ்னா. “இவ்வளவு நாளும் அவரை ஓட்டினது நான். நானே கொண்டு வாறன்.”

கடற்கரைக்கு ஓடினோம். மணல் கண்ணில் அடித்தது. இறங்கின படகு ஒன்றும் இல்லை. எல்லாம் கரையில் ஏற்றிக் கட்டியிருந்தன. ஃபஸ்னா ஒரு படகின் மறைவில் குந்தியிருந்து போனை முழங்காலில் வைத்தாள். பக்கத்தில் நிக்கொலஸ் குந்தினார்.

“ஒரேயடியாக் கொண்டு வராதே மகள். படகு பறக்காது. இவ்வளவு, இவ்வளவுதான்.” நகத்தால் காட்டினார். “நேரா வராதே. அந்த இடத்தில தண்ணிக்குள்ள கல்லுப் பார் இருக்கு. இந்தக் கடலுக்கு அதில அடிச்சால் சிதறிப் போவான். வடக்கால சுத்து. இன்னும் வடக்கால. இப்ப உள்ளுக்கு எடு.”

அவள் விரல் நடுங்காமல் அமத்தியது. நான்கு நிமிடம். மூன்று நிமிடம். அஸர் பாங்கு சொன்னார்கள். அன்று அந்த நேரத்தில் புள்ளி நிற்கவில்லை. அவன் அதைப் பார்த்துக்கொண்டிருக்கிறானா, பின்னால் வருகிறானா, அல்லது எப்போதோ கவிழ்ந்துவிட்டானா என்று அறிய எங்களுக்கு ஒரு வழியும் இல்லை. எனக்கு வாயில் பகிடி ஒன்றும் வரவில்லை. தெரிந்த துஆவையெல்லாம் ஓதினேன். தெரியாததையும் ஓதியிருப்பேன்.

ஒரு மணித்தியாலத்துக்குப் பிறகு நிக்கொலஸ் எழும்பி நின்றார். “வாறான்.”

அலைக்கு நடுவே நீலப் படகு தெரிந்தது, மறைந்தது, திரும்பவும் தெரிந்தது. பாருக்கு வடக்கால் வந்தது, அவர் சொன்ன வழியால். ஃபஸ்னா கடைசிப் புள்ளியைக் கரையில் அமத்தினாள். தான் நின்ற இடத்தில்.

படகு தரை தட்டுமுன்னமே ஸப்ரான் குதித்தான். இஞ்சினைத் தூக்கக்கூட இல்லை. நெஞ்சளவு தண்ணீரில் விழுந்து எழும்பி ஓடி வந்தான். அந்த வெடித்த உதட்டில் சிரிப்பு இருந்தது.

“நானா வந்துட்டாரு! உம்மா, நானா கரைக்கு வந்துட்டாரு! நான் பின்னாலயே வந்தன். எங்க அவரு? இஞ்சதானே காட்டுது?”

கவிழ்த்து வைத்த படகுகளுக்குப் பின்னால் ஒவ்வொன்றாக எட்டிப் பார்த்தான். பொலித்தீனுக்குள் இருந்த போனைப் பார்த்தான். இரண்டு எட்டு வைத்தான், திரும்பவும் பார்த்தான். புள்ளி கூட்டிக்கொண்டு வந்த இடத்தில் மதினி நின்றாள். கையில் போன் இருந்தது.

“மதினி, நானா எங்க?”

ஃபஸ்னாவின் வாய் திறந்தது. சத்தம் வரவில்லை. ஸும்ரா முன்னால் வந்தாள், ஆனால் அவளை விலக்கிக்கொண்டு ஜெமீலா போனார். எங்களுக்குப் பின்னால் அவர் நடந்து வந்ததை நான் பார்க்கவேயில்லை. மகனின் நனைந்த முகத்தை இரண்டு கையாலும் பிடித்தார்.

“நானா மௌத்தாகிட்டாரு மகன்” என்றார். “அண்டைக்கே மௌத்து. எனக்குத் தெரியும். இவளுக்கும் தெரியும்.”

அந்தச் சொல்லை அந்த வீட்டில் யாரும் அதுவரை சொன்னதில்லை. ஃபஸ்னா மணலில் சரிந்தாள். பிறகு அவளிடமிருந்து சத்தம் வந்தது. ஜெமீலா அவளைத் தூக்கி மடியில் போட்டுக்கொண்டார். ஸப்ரான் நின்ற இடத்திலேயே முழங்காலில் விழுந்தான். மூன்று பேரும் கத்தி அழுதார்கள். நாற்பத்துநான்கு நாளாக அந்த வீட்டில் ஒருவரும் அழவில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.